தோம்பில் ஏறாத வீடுகள்: யாழ்ப்பாண முஸ்லிம் பிள்ளைப்பருவமும் சித்திரத் தன்வரலாறும்

சில வருடங்களுக்கு முன் புத்தளத்தில் எங்கள் குடும்பத்தில் ஒரு கல்யாணம் நடந்தது. சாப்பாடு முடிந்து வெளியாட்கள் போன பிறகு, சாச்சியும் மாமாவும் யாழ்ப்பாணத்து வீட்டைப் பற்றிப் பேசத் தொடங்கினார்கள். சாச்சி என் உம்மாவின் தங்கச்சி. மாமா எல்லோருக்கும் கடைசித் தம்பி. பேச்சு கிணற்றில் வந்து முட்டிக்கொண்டது.

"கிணறு குசினிக்குப் பின்னால இருந்தது."

"இல்ல ராத்தா. முருங்கை மரத்துக்குப் பக்கத்தில, வேலியோட. குசினி அங்கால."

இரண்டு பேரும் விடுவதாக இல்லை. யாரோ மிச்சமிருந்த கல்யாணக் கார்டு இரண்டை எடுத்துக் கொடுத்து, பின்பக்கத்தில் வரைந்து காட்டச் சொன்னார்கள். வரைந்தார்கள். 1990 இல் சாச்சிக்கு 17 வயது, மாமாவுக்கு 7. சாச்சியின் படத்தில் அறைகள், வாசல்கள், அடுப்பு வைத்த மூலை எல்லாம் ஓர் அளவோடு இருந்தன. மாமாவின் படத்தில் கிணறு மட்டும் ஓர் அறை அளவுக்குப் பெரிதாக இருந்தது. எல்லோரும் சிரித்தோம். சாச்சியின் மகள், புத்தளத்தில் பிறந்து வளர்ந்தவள், இரண்டு கார்டையும் வாங்கிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்:

"அந்த வீட்டுட ஒரு போட்டோவாவது இல்லையா உம்மா?"

"ஒண்டும் இல்ல மகள். அல்பம் அலுமாரிக்குள்ள இருந்தது. அலுமாரி வீட்டுக்குள்ள இருந்தது."

அதற்கு மேல் யாரும் சிரிக்கவில்லை.

இந்தக் கட்டுரை அந்த இரண்டு கார்டுகளிலிருந்து தொடங்குகிறது. புகைப்படம் இல்லாத ஒரு பிள்ளைப்பருவத்துக்கு, ஞாபகத்திலிருந்து கீறிய கோடு சரித்திர ஆதாரம் ஆகுமா என்பதே கேள்வி. தான் வளர்ந்த கதையையும் பட்ட பாட்டையும் படமும் எழுத்துமாகச் சொல்லும் 'சித்திரத் தன்வரலாறு' என்ற வடிவம் கடந்த ஐம்பது வருடங்களில் உலகின் பல இடங்களில் இந்தக் கேள்விக்கு விடை தேடியிருக்கிறது. அந்த விடையை நம் யாழ்ப்பாணத்துக்குப் பொருத்திப் பார்க்க முடியுமா என்று பார்ப்போம்.

அல்பம் போன விதம்

வாசகர்கள் அறிந்த வரலாறுதான். ஆனாலும் இந்த விடயத்துக்குத் தேவையான அளவு மீண்டும் சொல்ல வேண்டியிருக்கிறது. 1981 குடிசன மதிப்பின்படி யாழ்ப்பாண மாவட்டத்தில் முஸ்லிம்கள் சுமார் 14,000 பேர். பெரும்பகுதியினர் நகரத்துக்குள்ளேயே, சோனகத்தெருவையும் அதைச் சுற்றிய ஒழுங்கைகளையும், நாவாந்துறை, பொம்மைவெளிப் பக்கங்களையும் சேர்ந்தவர்கள். இரும்புக்கடை, தையல், நகைக்கடை, இறைச்சிக்கடை, லொறி ஓட்டம் என்று தொழில்கள். பிள்ளைகளுக்கு ஒஸ்மானியாக் கல்லூரியும் கதீஜாவும். முகையதீன் புராணம் பாடிய பதுறுத்தீன் புலவரும் அசனாலெப்பைப் புலவரும் இந்த மண்ணின் ஆட்கள்.

1990 ஒக்டோபரில் வடக்கின் ஐந்து மாவட்டங்களிலிருந்தும் முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். மொத்தம் சுமார் 75,000 பேர். யாழ்ப்பாண நகரத்தில் அது நடந்தது ஒக்டோபர் 30 ஆம் திகதி. காலையில் ஒலிபெருக்கியில் அறிவித்து, சனத்தை ஜின்னா மைதானத்துக்கு அழைத்து, இரண்டு மணித்தியாலத்துக்குள் வெளியேறச் சொன்னார்கள். ஆளுக்கு 150 ரூபாவும் உடுத்த உடுப்பும்தான் கொண்டுபோகலாம் என்பதைப் பலருடைய வாக்குமூலங்களும் ஒரேமாதிரிச் சொல்கின்றன. சந்திகளில் மறித்துச் சோதித்தார்கள். நகை போனது, காசு போனது. காணி உறுதி, பிறப்புச் சாட்சிப் பத்திரம், பள்ளிக்கூட றிப்போட், கல்யாண அல்பம் எல்லாம் பின்னால் நின்றுவிட்டன.

நகைக்கும் காணிக்கும் பின்னர் கணக்குப் பார்த்தார்கள். பேராசிரியர் எஸ். எச். ஹஸ்புல்லாஹ் போன்றவர்கள் இழப்புகளைத் தொகுத்து எழுதினார்கள். 2009 இல் தொடங்கப்பட்ட பிரசைகள் ஆணைக்குழு ஊர் ஊராகச் சென்று சாட்சியம் கேட்டு, 2011 இல் தன் அறிக்கையை வெளியிட்டது. இவை பெரிய பணிகள். ஆனால் இழப்புப் பட்டியலில் வீடு என்றால் இத்தனை சதுர அடி, இத்தனை பெறுமதி என்று வரும். மழை பெய்தால் எந்த ஓட்டால் ஒழுகும், எந்தத் திண்ணையில் வாப்பா கணக்குக் கொப்பி பார்ப்பார், ஓதப் போகாத நாளில் பிள்ளை எங்கே ஒளியும் என்பதற்கு அந்தப் படிவங்களில் கட்டம் கிடையாது.

அங்கேதான் பிள்ளைப்பருவம் விடுபட்டுப் போகிறது. சாட்சி சொல்ல அழைக்கப்பட்டவர்கள் பெரும்பாலும் அன்று பெரியவர்களாக இருந்தவர்கள். அன்று பிள்ளைகளாக இருந்தவர்கள் முகாமில் ஓலைக் கொட்டிலுக்குள் வளர்ந்து, அங்கேயே படித்து, அங்கேயே கல்யாணம் முடித்தார்கள். மானிடவியலாளர் ஷாரிகா திராணகம 2011 இல் வெளியிட்ட நூலில் புத்தளத்து யாழ்ப்பாண முஸ்லிம்களைப் பற்றி எழுதும்போது, 'ஊர்' என்ற சொல் மூத்தவர்களுக்கு ஒரு இடத்தையும் இளையவர்களுக்கு வேறொரு இடத்தையும் குறிப்பதைக் காட்டுகிறார். இரண்டு ஊருக்கும் நடுவில் நிற்கிறவர்கள்தான் 1990 இல் ஏழு, எட்டு, பத்து வயதாக இருந்தவர்கள்.

படக்கதை நமக்குப் புதிதல்ல

'சித்திரத் தன்வரலாறு' என்றதும் இது எங்கோ வெளிநாட்டுச் சரக்கு என்று நினைக்க வேண்டாம். எழுபது, எண்பதுகளில் யாழ்ப்பாணத்தில் வளர்ந்த பிள்ளைக்கு அம்புலிமாமா தெரியும். 1972 இல் தொடங்கிய முத்து கொமிக்ஸின் இரும்புக்கை மாயாவி தெரியும். ஒரு புத்தகம் பத்து வீடு சுற்றி, அட்டை கழன்று திரும்பி வரும். நம் மண்ணிலேயே 'சிரித்திரன்' இருந்தது. சிவஞானசுந்தரம் 1963 இல் தொடங்கிய அந்த இதழில், அவரே கீறிய சவாரித் தம்பரும் மற்றவர்களும் யாழ்ப்பாணத்துப் பேச்சிலேயே பேசினார்கள். ஒழுங்கை வேலியும் சைக்கிளும் வெற்றிலைப் பெட்டியும் படத்துக்குள் வந்தன. ஊர்ப் பேச்சும் ஊர்ப் படமும் ஒன்றாக நிற்கலாம் என்று சுந்தர் அன்றே காட்டிவிட்டார். ஆனால் அது நையாண்டிக்காக. தன் சொந்த வாழ்க்கையை அப்படிக் கீறலாம் என்ற எண்ணம் அன்று இங்கு பரவலாக வரவில்லை.

அந்த எண்ணம் வேறு இடங்களில் கிட்டத்தட்ட அதே காலத்தில்தான் பிறந்தது. ஹிரோஷிமாவில் குண்டு விழுந்தபோது ஆறு வயதாக இருந்த கெய்ஜி நகசாவா, தான் கண்டதை 1972 இல் ஒரு சிறு படக்கதையாகக் கீறினார். அடுத்த வருடம் அதை விரித்து 'வெறுங்கால் ஜென்' என்ற நெடுங்கதையைத் தொடங்கினார். ஆர்ட் ஸ்பீகல்மேன் தன் தந்தை ஹிட்லரின் முகாம்களில் பட்டதையும், அந்தத் தந்தையிடம் தான் வளர்ந்த கஷ்டத்தையும் சேர்த்து 'மௌஸ்' ஆக்கினார். யூதர்கள் எலிகள், நாசிகள் பூனைகள். இரண்டு பாகங்களாக 1986 இலும் 1991 இலும் வந்த அந்த நூலுக்கு 1992 இல் புலிட்சர் சிறப்பு விருது கிடைத்தது. படக்கதை சிறுபிள்ளைச் சமாச்சாரம் என்ற பேச்சு அதோடு பலமிழந்தது.

நம் வாசகர்களுக்கு இன்னும் கிட்டிய உதாரணங்கள் முஸ்லிம் நாடுகளிலிருந்தே உண்டு. ஈரானின் மர்ஜானே சத்ரபி 2000 ஆம் ஆண்டிலிருந்து வெளியிட்ட 'பெர்செபோலிஸ்', 1979 புரட்சியையும் ஈராக் யுத்தத்தையும் பத்து வயதுப் பெண்பிள்ளையின் கண்ணால் காட்டுகிறது. கோயம்புத்தூர் விடியல் பதிப்பகம் அதைத் தமிழிலும் கொண்டுவந்தது. அவருடைய அரசியலோடும் சமயப் பார்வையோடும் நமக்கு உடன்பாடு இல்லாமல் இருக்கலாம். ஆனாலும் அவர் வழியைக் கவனிக்கலாம். நடந்தது பெரிய சரித்திரம், பார்த்தது சின்னக் கண். இரண்டையும் ஒரே கட்டத்துக்குள் வைக்கிறார். சிரிய வாப்பாவுக்கும் பிரெஞ்சுத் தாய்க்கும் பிறந்த ரியாத் சத்தூஃப், 2014 இலிருந்து வந்த 'எதிர்கால அரபி' நூல் வரிசையில் லிபியாவுக்கு மஞ்சள், சிரியாவுக்கு இளஞ்சிவப்பு, பிரான்ஸுக்கு நீலம் என்று ஊருக்கொரு நிறம் கொடுத்தார். சிறுபிள்ளைக்கு நாட்டின் பெயரைவிட அதன் நிறமும் மணமும்தான் முதலில் தெரியும் என்பதை அதில் உணரலாம்.

காஷ்மீரின் மாலிக் சஜாத் 2015 இல் வெளியிட்ட 'முன்னு' நமக்கு எல்லாவற்றிலும் அருகில் நிற்கிறது. ஸ்ரீநகரில் ஒரு கைவினைஞர் குடும்பத்தின் கடைக்குட்டி. வெளியே சுற்றிவளைப்பு, அணிவகுப்பு, மூடிய பள்ளிக்கூடம். காஷ்மீரிகளை அவர் ஹங்குல் மான்களாக வரைகிறார். அழிந்துகொண்டிருக்கும் அந்த மான் இனத்தைத் தெரிந்துகொண்டதற்கான காரணத்தைச் சொல்ல வேண்டியதில்லை.

இலங்கைக் கதை என்று பார்த்தால், பெஞ்சமின் டிக்ஸ் எழுதி லிண்ட்ஸே பொலொக் வரைந்து 2019 இல் வெளிவந்த 'வன்னி' இருக்கிறது. டிக்ஸ் ஐக்கிய நாடுகள் சபைக்காக வன்னியில் வேலை செய்து, 2008 செப்டெம்பரில் அந்த நிறுவனம் கிளிநொச்சியை விட்டு வெளியேறியபோது வெளியேறியவர். பலருடைய சாட்சியங்களைச் சேர்த்து ஒரு கற்பனைக் குடும்பமாக்கிய நூல் அது. ஆகவே தன்வரலாறு ஆகாது. உள்ளே நின்றவர் கை கீறிய கோட்டுக்கு வேறு இடம் பார்க்க வேண்டும். அந்த இடம் யாழ்ப்பாணத்திலேயே இருக்கிறது.

முற்றுப்பெறாத தோம்பு

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கற்பிக்கும் ஓவியர் தா. சனாதனன் 2011 இல் ஒரு நூலைக் கொண்டுவந்தார். அதன் ஆங்கிலப் பெயரைத் தமிழில் 'முற்றுப்பெறாத தோம்பு' என்று சொல்லலாம். வெளியிட்டது ரேக்கிங் லீவ்ஸ் நிறுவனம். தோம்பு என்றால் நம் மூத்தவர்களுக்குத் தெரியும். போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் எழுதிவைத்த காணிப் பதிவேடு. யாருக்கு எந்தத் துண்டு, எவ்வளவு வரி என்பதெல்லாம் அதில் இருக்கும்.

சனாதனன் இடம்பெயர்ந்தவர்களிடம் போய், விட்டுவந்த வீட்டை ஞாபகத்திலிருந்து வரையச் சொன்னார். இந்துக்கள், கிறிஸ்தவர்கள், முஸ்லிம்கள் என்று தமிழ் பேசும் எல்லோரும் இதில் உண்டு. அப்படி 80 வீடுகள். ஒவ்வொருவர் கீறிய வரைபடத்தோடும் கட்டடக் கலைஞர் திருத்தமாக வரைந்த அதே வீட்டின் படம், சொன்னவரின் ஞாபகக் குறிப்பு, சனாதனனின் சொந்தச் சித்திரம் ஆகியவை சேர்ந்திருக்கின்றன.

இது கட்டம் கட்டமாக ஓடும் படக்கதை அல்ல. ஆனால் சித்திரத் தன்வரலாறு செய்யும் வேலையையே செய்கிறது. ஆட்சியாளரின் தோம்பு காணியை வரிக்காக அளந்தது. இந்தத் தோம்பில் வீட்டை இழந்தவரே அதை அளக்கிறார். அளவுகோல் அவருடைய ஞாபகம். தேர்ந்த ஓவியர் கை இல்லை. பள்ளிக்கூடத்துக்குப் பிறகு பென்சில் பிடித்திராதவரும் நாலு கோடு இழுத்து 'இது விறாந்தை' என்று எழுதலாம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1990 ஒக்டோபர் 30 நம்முடைய திகதி. சரியாக ஐந்து வருடம் கழித்து, 1995 இல் அதே ஒக்டோபர் 30 ஆம் திகதி, இராணுவம் நெருங்கியபோது, வலிகாமத்துத் தமிழ் மக்கள் இலட்சக்கணக்கில் புலிகளின் அறிவிப்பின் பேரில் ஒரே இரவில் தென்மராட்சி நோக்கி நடந்தார்கள். இரண்டு வெளியேற்றமும் ஒன்றல்ல. ஒரு சமூகத்தை அதன் அடையாளத்துக்காகவே துரத்தியதை மற்றதோடு சமப்படுத்த முடியாது. 2002 ஏப்ரலில் கிளிநொச்சியில் நடந்த பத்திரிகையாளர் சந்திப்பில் அன்ரன் பாலசிங்கமே அதை நியாயப்படுத்த முடியாது என்ற கருத்தில் பேசினார். ஆனால் வீட்டைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு நடந்த கை இரண்டு பக்கமும் ஒன்றுதான். சனாதனனின் கோப்புக்குள் அந்த இரண்டு கைகளும் அடுத்தடுத்த பக்கங்களில் இருக்கின்றன. அரசியல் மேடைகளில் அடுத்தடுத்து உட்கார முடியாத ஞாபகங்கள் அங்கே உட்கார்ந்திருக்கின்றன.

பிழையான கோடு சாட்சியாகுமா?

சரித்திரம் எழுதுகிறவர்கள் இங்கே நியாயமான ஒரு கேள்வி கேட்பார்கள். ஏழு வயதுப் பிள்ளையின் ஞாபகம் பிழைக்கும். கிணறு அறை அளவுக்கு இருந்திருக்காது. பிறகு எப்படி அது ஆதாரம்?

'மௌஸ்' இரண்டாம் பாகத்தில் இதற்கு ஒரு பாடம் உண்டு. ஆஷ்விட்ஸ் முகாமில் கைதிகளை அணிவகுத்து நடத்தும்போது வாத்தியக் குழு வாசித்தது என்பது ஆவணங்களில் உள்ள விடயம். மகன் அதைக் கேட்கிறான். தந்தையோ, அப்படி ஒன்றும் தனக்கு ஞாபகமில்லை, நடந்ததுதான் ஞாபகம் என்கிறார். ஸ்பீகல்மேன் என்ன செய்தார்? ஒரு கட்டத்தில் வாத்தியக் குழுவை வரைந்தார். அடுத்ததில் நடந்துபோகும் கைதிகளின் வரிசையை அதன் முன்னால் வரைந்து, வாத்தியக்காரர்களை ஏறக்குறைய மறைத்துவிட்டார். ஆவணத்தையும் அவர் கைவிடவில்லை, வாப்பாவையும் பொய்யர் ஆக்கவில்லை. எழுத்தில் இதைச் சொல்ல ஒரு பக்கம் வேண்டும். படத்தில் இரண்டு கட்டம் போதும்.

அதே நூலில் இன்னொரு சங்கதி. ஸ்பீகல்மேனின் தாய் எழுதி வைத்திருந்த நாட்குறிப்புகளைத் தந்தை எரித்துவிட்டார். தாய் பக்கத்துக் கதை அதோடு போனது. நமக்கு அல்பம் போனதுபோல. இருப்பதைக் கொண்டுதான் கட்ட வேண்டும் என்று தெரிந்து கட்டிய நூல் அது.

எங்கள் கல்யாணக் கார்டு விவகாரத்துக்கும் பிறகு ஒரு முடிவு வந்தது. உம்மாவிடம் இரண்டு படத்தையும் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டு பேரும் சரி. கிணறு ஒரே இடத்திலதான். குசினிதான் மாறினது. தம்பி பிறந்த பிறகு வாப்பா பழைய குசினியை உடைச்சு மற்றப் பக்கம் கட்டினவர். இவளுக்குப் பழைய குசினி. அவனுக்குப் புதுக் குசினி."

சண்டை பிடித்தது கிணற்றைப் பற்றி. கிடைத்ததோ குசினி மாறிய செய்தி. எந்த உறுதியிலும் எந்த அறிக்கையிலும் அது இல்லை. சாச்சியின் கார்டு மட்டும் இருந்திருந்தால் அது வெறும் படம். மாமாவின் கார்டு மட்டும் இருந்திருந்தால் அது சிறுபிள்ளைக் கிறுக்கல். இரண்டும் ஒத்துப்போகாததால்தான் உம்மா வாய் திறந்தார். வாப்பா அந்தக் குசினியை எந்தக் காசில் கட்டினார், எந்த மேசன் வந்தார், அயலவர் யார் ஓடு ஏற்றிக் கொடுத்தார் என்று அன்று பின்னேரம் முழுவதும் பேசினார். ஓடு ஏற்றியவர் பக்கத்து வளவுத் தமிழர். அவருடைய பிள்ளைகளும் 1995 இல் அந்தத் தெருவை விட்டுப் போனார்கள் என்று பிறகு அறிந்தோம்.

மாமாவின் பெரிய கிணறும் பிழை அல்ல. எட்டிப் பார்க்காதே என்று அடித்து வளர்த்த பிள்ளைக்குக் கிணறு அந்த அளவுதான். அந்த வீட்டில் பிள்ளைகளை எதற்குப் பயந்து வளர்த்தார்கள் என்பதற்கு அந்த வட்டமே சாட்சி. புகைப்படம் இருந்திருந்தால் கிணற்றின் சரியான அளவு தெரிந்திருக்கும். இது தெரிந்திருக்காது.

உருவம் வரைவது பற்றி

நம் வாசகர்களில் சிலர் தயங்குவார்கள் என்பது தெரியும். உயிருள்ளவற்றை வரைவது பற்றி உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அதைத் தீர்த்துவைப்பது இந்தக் கட்டுரையின் வேலை அல்ல. சொல்ல விரும்புவது இவ்வளவுதான்: தயங்குகிறவர்கள் வீட்டை வரையலாம். சனாதனன் கேட்டு வாங்கிய வீட்டு வரைபடங்களுக்கு முகம் தேவைப்படவில்லை. வாசலில் கழற்றி வைத்த செருப்பு, கொடியில் காயும் சாரம், மூலையில் சாய்த்த சைக்கிள், றேகால், தொழுகைப் பாய். அந்த வீட்டில் யார் இருந்தார்கள் என்பதை இவை சொல்லிவிடும்.

இனிச் செய்ய வேண்டியது

1990 இல் ஏழு வயதாக இருந்தவர் இன்று நாற்பதைத் தாண்டிவிட்டார். அன்று குடும்பத்தை நடத்தியவர்கள் பலர் மௌத்தாகிவிட்டார்கள். 2009 க்குப் பிறகு சில குடும்பங்கள் சோனகத்தெருவுக்குத் திரும்பின. பல வீடுகள் கூரையும் கதவும் நிலையும் இல்லாமல், மரம் முளைத்த சுவராகவே கிடந்தன. திரும்பியவர்களும் புது வீடுதான் கட்டினார்கள். அப்படியென்றால் பழைய வீடு இன்று இருப்பது சில ஆட்களின் தலைக்குள் மட்டும்தான். ஒவ்வொரு ஜனாஸாவோடும் ஒரு வளவு போகிறது.

ஆகவே வேண்டுகோள் பெரிதல்ல. வீட்டில் மூத்தவர்கள் இருந்தால் ஒரு கொப்பியும் பென்சிலும் கொடுங்கள். சகோதரங்களைத் தனித்தனியாக வரையச் சொல்லுங்கள், ஒருவர் மற்றவரைப் பார்த்து எழுத வேண்டாம். வரைந்தவரின் பெயர், 1990 இல் வயது, வரைந்த திகதி மூன்றையும் மூலையில் போடுங்கள். எங்கே ஒத்துப்போகவில்லையோ அங்கே கேள்வி கேட்டு, சொன்னதைச் சொன்ன பேச்சிலேயே எழுதுங்கள். பள்ளிவாசல் நிர்வாகங்களும் ஒஸ்மானியா, கதீஜாவின் பழைய மாணவர்களும் நினைத்தால் ஒரு தெருவையே இப்படிச் சேர்த்துவிடலாம். வரையத் தெரிந்த ஒரு பிள்ளை அதிலிருந்து கட்டம் கட்டமாகக் கதை கோக்கும் நாளும் வரும், இன்ஷா அல்லாஹ்.

எங்கள் இரண்டு கார்டையும் சாச்சியின் மகள்தான் வைத்திருக்கிறாள். போன பெருநாளைக்கு மூன்றாவது ஒன்றும் சேர்ந்தது, உம்மா வரைந்தது. அதில் இரண்டு குசினியும் இருக்கின்றன, பழையதைப் புள்ளிக் கோட்டில் போட்டிருக்கிறார். மாமாவின் கிணற்றைச் சின்னதாக்கித் திரும்ப வரையட்டுமா என்று மகள் கேட்டாள். வேண்டாம், அப்படியே இருக்கட்டும் என்றோம்.